‘யா’ என்றால் ஓம் இல்லை

1. சாரத்தில் நின்று கேட்டது

“யா, யா,” என்றார் சிவநேசன் அண்ணை.

நான் சாரத்தின் இரண்டாம் தட்டில் ஆணித் துப்பாக்கியோடு நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கம்ப்ரெசர் ஓய்ந்திருந்ததால் கீழே கதைத்தது முழுவதும் கேட்டது. நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில், பாதி மேடும் பாதி சேறுமான ஒரு காணியில், அவருடைய புது வீடு எலும்பும் கறுப்புத் துணியுமாக நின்றது. அவர் பஸ் ஓட்டுபவர். வேலை முடிந்த கையோடு சீருடையில் வந்து, சப்பாத்தில் சேறு படாமல் ஒரு பலகைத் துண்டின்மேல் நின்றார். அவருக்கு முன்னால் என் முதலாளி தேர்யே, கையில் கோப்பிக் குவளை.

தேர்யே நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். “சுவரிலை நெடுக்கா அடிக்கிற கட்டை இன்னும் வந்து சேரேல்லை. பனி வரப்போகுது. ஹவுகெட்டோவிலை அடுத்த வேலை காத்துக்கொண்டிருக்கு. நெடுக்குக் கட்டையை விட்டிட்டுக் குறுக்குக் கட்டையை நேரே அடிச்சால் கெதியா முடிஞ்சிடும். உனக்குச் சம்மதம்தானே?”

“யா, யா.”

“வெளியாலை பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.”

“யா, யா. தக், தக்.” நன்றியும் சொல்லிவிட்டார்.

தேர்யே அண்ணாந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அந்த விரலைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வந்தது.

எங்களுடைய ஆட்கள் தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டிருப்பீர்கள். ஓம்… ஓம்… ஓமோம்… சொல்லுங்கோ… ஓம். அதில் ஒரு ஓம்கூடச் சம்மதம் இல்லை. நான் இஞ்சைதான் நிக்கிறன், காது திறந்திருக்கு, நீங்கள் கதையுங்கோ என்பதுதான் அதன் அர்த்தம். இருட்டில் நடப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு போவதைப் போல. அந்த ஓமை நோர்வேஜிய மொழியில் சொன்னால் ‘யா’ ஆகிவிடுகிறது. ‘யா’ ஆன அந்த நிமிடமே அது வாக்குறுதியும் ஆகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. பஸ் ஓட்டுபவரிடம் போய்ச் சுவரைப் பற்றி ஏன் கேட்பது? ஓடுகிற பஸ்ஸில் சாரதி திரும்பி, “பிரேக் இல்லாமல் போவமே, சம்மதமோ?” என்று பயணியிடம் கேட்டால் அதற்கு என்ன பெயர்?

2. வீட்டின் உடுப்பு

வெளிச்சுவரில் அடிக்கும் பலகைக்கு இங்கே கிளெட்னிங் என்று பெயர். உடுப்பு என்ற சொல்லின் உறவு. எனக்கு இந்தத் தொழிலில் முதலில் பிடித்தது அந்தச் சொல்தான். மரத்தால் கட்டிய வீட்டை மரத்தாலேயே உடுத்துவது. மழை அந்த உடுப்பில்தான் பட வேண்டும், உடம்பில் படக்கூடாது.

ஆனால் மழை கெட்டிக்காரி. காற்றோடு பக்கவாட்டாக வந்து எப்படியும் பலகைக்குப் பின்னால் போய்விடுவாள். போகட்டும். போனவள் வெளியே வர வழி வேண்டும். அதற்காகத்தான் பலகைக்கும் சுவரை மூடிய கறுப்புத் துணிக்கும் இடையில் விரல் நுழையும் அளவு இடைவெளி விடுகிறோம். கீழே திறந்திருக்கும், மேலே திறந்திருக்கும். காற்று கீழால் ஏறி மேலால் போய், ஈரத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போகும்.

அந்த வழியைத் தருவது நெடுக்காக அடிக்கும் மெல்லிய கட்டை. ஸ்லொய்ஃபெ என்பார்கள். சின்னப் பிள்ளைகளின் தலையில் கட்டும் ரிப்பன் முடிச்சுக்கும் அதே பெயர்தான். சிவநேசன் அண்ணை கேட்டது நிமிர்ந்து நிற்கும் பலகை. நிமிர்ந்த பலகையை ஆணி பிடிக்கக் குறுக்குக் கட்டை வேண்டும். ஸ்லொய்ஃபெ இல்லாமல் அந்தக் குறுக்குக் கட்டையைத் துணியோடு ஒட்டி அடித்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு கட்டையும் ஒரு தட்டாகிவிடும். வடிந்து வரும் தண்ணீர் அந்தத் தட்டில் குந்தியிருக்கும். காற்று முட்டி நிற்கும். வெளியே வர்ணம் பளபளக்கும், உள்ளே மரம் செத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். இந்த வேலையில் பலகை இரண்டு அடுக்கு. கீழ்ப்பலகைகளை இடம் விட்டு அடித்து, அந்த இடத்தை மூடி மேற்பலகை வரும். மேற்பலகையின் ஆணி கீழ்ப்பலகையைத் துளைக்கவே கூடாது. மரம் மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டினால் ஒன்று மற்றதைக் கிழித்துவிடும். தனித்தனி ஆணி, தனித்தனி மூச்சு.

இதெல்லாம் தேர்யேக்குத் தெரியும். எனக்குத் தொழில் பழக்கியவர்களில் அவரும் ஒருவர். தெரியாமல் செய்பவனில் எனக்குக் கோபம் வருவதில்லை.

சாரத்தால் இறங்கினேன்.

“தேர்யே, ஸ்லொய்ஃபெ இல்லாமல் நான் அடிக்கமாட்டன்.” நோர்வேயில் முதலாளிக்கும் நீதான், மரியாதைப் பன்மை கிடையாது. “நீயும் உன்ரை வீட்டுக்கு இப்பிடி அடிக்கமாட்டாய்.”

“வீட்டுக்காரன் சம்மதம் தந்திட்டான். நீயும் கேட்டாய்தானே?”

“அவர் சம்மதிக்கேல்லை. நீ கதைச்சதைக் கேட்டுக்கொண்டு நிண்டவர்.”

“அவன் யா எண்டு சொன்னான்.”

“அது உன்ரை யா இல்லை. எங்கடை யா.”

தேர்யே சிரித்தார். “யாவிலை ரெண்டு வகை இருக்கோ? அப்ப உங்கடை ஆக்களுக்கு நீயே விளங்கப்படுத்து.”

உங்கடை ஆக்கள்! பலகை அறுக்கும்போது நான் தச்சுத் தொழிலாளி. வாடிக்கையாளர் தமிழர் என்றால் உடனே கீழே கூப்பிட்டு மொழிபெயர்ப்பாளராக்குவார்கள். பிழை வந்தால் நானும் அந்த ‘ஆக்களில்’ ஒருத்தி.

3. ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ

விளங்கப்படுத்தப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் சில நேரம் நினைக்கிறேன்.

சிவநேசன் அண்ணைக்கும் எனக்கும் முதல் சந்திப்பே சரியில்லை. வேலை தொடங்கிய நாள் அவர் என் தலைக்கவசம், கருவிப் பட்டி, சப்பாத்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “தங்கச்சி தமிழே? நல்லது, நல்லது. ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?” என்று கேட்டார். என்னோடு சோடியாக வேலை செய்யும் மாரெக், போலந்துக்காரன், பக்கத்தில் நின்றான். அவனைக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். மாரெக் அந்தக் கிழமைதான் இந்த வகைக் கிளெட்னிங்கை முதன்முதலாகத் தொட்டவன். நான்தான் அவனுக்குப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அண்ணையைக் கண்டால் இரக்கம்தான் வரும். அவர்கள் அப்போது இருந்தது புருசெத்தில் கீழ்த்தட்டு வீடு. அதில் மகளின் சின்ன அறை, வடக்குப் பக்கம், எப்போதும் ஈரம். “சுவரைத் துடைச்சுத் துடைச்சுக் கை தேஞ்சுபோச்சு, தங்கச்சி. பிள்ளை இரவிரவா இருமும். அதுக்காகத்தான் இந்தக் கடன், இந்த வீடு, எல்லாம். மர வீடு மூச்சு விடும் எண்டு சொல்லுறாங்கள், உண்மையே?” என்று ஒருநாள் கேட்டார். “ஓம் அண்ணை, விடும்,” என்று நான் சொல்லியிருந்தேன். அந்த ஓம் என் தலையில் நின்றது.

ஆகவே அடுத்த நாள் அவர் வந்ததும் சொன்னேன். “அண்ணை, நேற்று தேர்யே கேட்டதுக்கு நீங்கள் யா எண்டு சொன்னனீங்கள். அப்பிடி அடிச்சால் இந்த வீடு மூச்சு விடாது. வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. வீட்டுக்காரர் சொன்னால் அவர் மாத்தத்தான் வேணும்.”

அவர் சேற்றைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

“தங்கச்சி, கோவிக்கக்கூடாது. அந்தாள் நோர்வேக்காரன். மரத்துக்குள்ளையே பிறந்து வளர்ந்த ஆக்கள். அவருக்குத் தெரியாததே?”

“தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் செய்யிறார்.”

“ஓம், ஓம். பாப்பம்.”

இந்தப் ‘பாப்பம்’ என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நேரே தேர்யேயிடம் போய், தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், சிரித்துச் சிரித்து, பணிவாக, “உன்ரை பெட்டை சொல்லுது சுவர் பிழையாம். நான் நம்பேல்லை. எனக்கு உன்னிலை முழு நம்பிக்கை,” என்று சொல்லிவிட்டார்.

பெட்டை! எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. தொழிற்பத்திரம் இருக்கிறது. இந்த நகரத்தைச் சுற்றி நான் உடுத்திவிட்ட வீடுகள் மழைக்குள் நிற்கின்றன. காட்டிக்கொடுக்கிறோம் என்று தெரியாமலே ஒருவரைக் காட்டிக்கொடுக்க எங்களுடைய மரியாதைக்கு எவ்வளவு நன்றாகத் தெரிகிறது!

தேர்யே சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. “வாடிக்கையாளரைக் குழப்பாதை. இனி நீ சுவரிலை நிக்கத் தேவையில்லை. பின்னாலை பழைய கராஜ் கிடக்கு, அதை உடை,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு என் ஆணித் துப்பாக்கியைத் தானே தூக்கிக்கொண்டார்.

4. கராஜ்

காணியின் மூலையில் முந்திய சொந்தக்காரர் கட்டிய மரக் கராஜ் ஒன்று நின்றது. சிவப்பு வர்ணம். தூரத்தில் பார்த்தால் கலண்டர்ப் படம்.

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். அந்தப் பக்கம், புது வீட்டின் குசினிச் சுவரில், டப், டப், டப் என்று ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு டப்பும் என் பல்லில் விழுந்தது. குறுக்குக் கட்டை, துணி, ஆணி. குறுக்குக் கட்டை, துணி, ஆணி. கோபத்தில் நான் கராஜை உடைத்த வேகத்துக்கு அது இரண்டு மடங்கு பெரிதாக இருந்திருக்கலாம்.

மூன்றாவதோ நாலாவதோ பலகை கையோடு வந்தது. ஆணி இழுபடவில்லை, மரம்தான் கழன்று வந்தது. திருப்பினேன். முன்பக்கம் மாப்பிள்ளை, பின்பக்கம் மண். கறுத்து, ஊறி, நார் நாராய். விரலை வைத்தேன். கேக்குக்குள் போவதுபோலப் போனது. கராஜின் சுவரைப் பார்த்தேன். குறுக்குக் கட்டை, துணியோடு ஒட்டி, நேரே. ஸ்லொய்ஃபெ இல்லை. இங்கே யாரோ ஒருவர் எப்போதோ அவசரப்பட்டிருக்கிறார். இன்னொருவர் ‘யா’ சொல்லியிருக்கிறார்.

சாப்பாட்டு நேரத்தில் மாரெக் வந்து அந்தப் பலகையைப் பார்த்தான். முகர்ந்தான். “நீங்கள் கதைக்கிற மொழி எதுவும் எனக்கு ஒழுங்கா விளங்கிறதில்லை. பிழையான சுவர் விளங்கும்,” என்றான். பிறகு போய் ஆணியடிக்கத் தொடங்கினான். அவனுக்கும் வேலை வேண்டும். அதிலும் எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவனில் இல்லை.

அந்தப் பலகையை எறியவில்லை. சுத்தமாகத் துடைத்து, சிவப்புப் பக்கம் வெளியே தெரியச் சாய்த்து வைத்தேன்.

5. வாய் உங்கடை

இரண்டு நாள் கழித்துச் சிவநேசன் அண்ணை மனைவி கலா அக்காவோடு வந்தார். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். எங்கள் எல்லாருக்கும் பெட்டி நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். குசினிச் சுவர் முடிந்துவிட்டது. அண்ணை அதைத் தட்டிப் பார்த்தார். “பாத்தியே, என்ன வடிவு!”

சொல்லித்தான் பார்த்தாயிற்றே. சிவப்புப் பலகையைத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய இரண்டு கையிலும் கொடுத்தேன்.

“நல்ல பலகை. இதை ஏன் கழட்டினனீர்?”

“திருப்பிப் பாருங்கோ.”

திருப்பினார். கட்டைவிரல் உள்ளே போனது. கையை உதறினார். பலகை சேற்றில் விழுந்தது. கலா அக்கா குனிந்து ஒரு துண்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“இஞ்சாருங்கோ. இது எங்கடை புருசெத் அறை மணம்.”

அக்கா அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார்.

“இது எங்கையிருந்து வந்தது, தங்கச்சி?”

“அந்தக் கராஜ், அக்கா. உங்கடை குசினிச் சுவரும் இப்ப அப்பிடித்தான் அடிச்சிருக்கு. காத்துப் போக வழியில்லை.”

அக்கா கணவர் பக்கம் திரும்பினார். “நீங்கள் அந்தாளுக்கு என்னப்பா சொன்னனீங்கள்?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை. யா யா எண்டனான்.”

“யா எண்டால் ஓம் எல்லே!”

“எடியே, அந்தாள் கதைக்கேக்கை நான் பேந்தப் பேந்த முழிச்சுக்கொண்டே நிக்கிறது? ஒரு மரியாதைக்கு யா எண்டனான்!”

“உங்கடை மரியாதை பிள்ளையின்ரை நெஞ்சுக்குள்ளை சளியா நிக்கப்போகுது.”

அண்ணை என்னைப் பார்த்தார். வேலை தொடங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் என் முகத்தை நேரே பார்த்தார் என்று நினைக்கிறேன். “தங்கச்சி, நீர் போய் ஒருக்காச் சொல்லிவிடுமன். உமக்குப் பாசை வடிவாத் தெரியும்.”

எனக்குள் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்தது. “நான் சொல்லித்தானே அண்ணை கராஜுக்குப் போனனான்! நான் தச்சு வேலைக்கு வந்தனான், மொழிபெயர்க்க வரேல்லை. வீடு உங்கடை. வாய் உங்கடை. நீங்களே போய்ச் சொல்லுங்கோ.”

“என்னெண்டு சொல்லுறது?”

“நெய்.” இல்லை, வேண்டாம், முடியாது, எல்லாவற்றுக்கும் நோர்வேஜிய மொழியில் அந்த ஒரு சொல்தான். எழுத்து வேறு, ஆனால் காதில் விழுவது எங்கள் பசு நெய்தான். “அவ்வளவுதான். நெய்.”

தேர்யே சாரத்தின் கீழ்த்தட்டில் குந்தியிருந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணை போனார். “ஹை, ஹை. நல்ல வேலை. தக், தக்…” பின்னால் கலா அக்கா இருமினார். பொய் இருமல்.

அண்ணை நிமிர்ந்தார். “நெய்.”

தேர்யே வாயில் ரோல்ஸோடு பார்த்தார். “என்ன நெய்?”

“சுவர். நெய். கழட்டு. காத்து வேணும்.”

“நீதானே யா எண்டு சொன்னாய்.”

அண்ணை பின்வாங்கவில்லை. நாட்டுக்கு வந்த காலம் முழுவதும் அந்த ஆள் பஸ்ஸில், வங்கியில், பாடசாலைக் கூட்டத்தில் சொன்ன யா எல்லாம் தொண்டையில் வந்து நின்றதுபோல இருந்தது.

“ஓம், நான் யா சொன்னனான். அது யா இல்லை.”

எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் அதைவிடத் தெளிவான ஒரு வசனத்தை நான் கேட்டதில்லை. தேர்யே என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் மிச்ச ரோல்ஸை விழுங்கி, கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

“மாரெக். அவளோடை சேர்ந்து கழட்டு.”

மன்னிப்பு இல்லை. ஒரு விளக்கம்கூட இல்லை. ஆணித் துப்பாக்கி மட்டும் என்னிடம் திரும்பி வந்தது. பலகையைப் பிளக்காமல் ஆணியைப் பிடுங்குவது அடிப்பதைவிட எத்தனையோ மடங்கு சிரமம். பிறகு ஸ்லொய்ஃபெ வந்து சேர்ந்தது. வீட்டை முதலிலிருந்து உடுத்தினோம், பனிக்குள், விரல் விறைக்க விறைக்க.

6. குடிபூரல்

தையில் குடிபூரல், புது வீட்டுக்குக் குடிபோகும் சடங்கு. போவதில்லை என்றுதான் இருந்தேன். கலா அக்கா இரண்டு தரம் கூப்பிட்டதால் போனேன். சேலை கட்டிக்கொண்டு, நான் அடித்த சுவருக்குள் விருந்தாளியாக. புகை எச்சரிக்கைக் கருவியின் மின்கலத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஐயர் ஓமம் வளர்த்துக்கொண்டிருந்தார்.

சிவநேசன் அண்ணை பட்டு வேட்டியில் வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டினார். “எங்கடை தேர்யே இருக்கிறாரே, தங்கமான மனுசன். நான் ஒரு சொல்லுத்தான் சொன்னனான். முழுச் சுவரையும் கழட்டித் திருப்பிப் போட்டுத் தந்தவர். நோர்வேக்காரன் எண்டால் நோர்வேக்காரன்தான்!”

கையில் சர்க்கரைப் பொங்கல். பனிக்குள் நின்ற விரல்கள் யாருடையவை? கராஜ் யாருக்குத் தண்டனை? தட்டை வைத்துவிட்டு வெளியே போனேன்.

வாசலில் அண்ணையின் மைத்துனர் பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, நீளமான ஆணி ஒன்றைச் சரியாக மேற்பலகையின் விளிம்பில் வைத்து, சுத்தியலை ஓங்கியிருந்தார். இரண்டு பலகைக்கும் ஒரே ஆணி. நான் வாயைத் திறக்க முன் எனக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம்.

“நெய்!”

சிவநேசன் அண்ணை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “நெய்! நெய்!”

உள்ளேயிருந்து யாரோ ஒரு அக்கா நெய்ப் பேணியோடு பாய்ந்து வந்தார். “இந்தாங்கோ நெய்! ஐயர் இப்பத்தானே போதும் எண்டவர்?”

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கலா அக்கா சிரிக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு அந்த வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், தனித்தனி ஆணியில்.

“உதிலை அடிச்சால் பலகை வெடிச்சுப்போம்,” என்று அண்ணை மைத்துனரிடம் சொன்னார். “ரெண்டும் தனித்தனிய அசையவேணும். வேணுமெண்டால் உவவைக் கேள்.”

“இவவோ? இவ ஆர்?”

அண்ணை தூக்கிப் பிடித்திருந்த வேட்டியை விட்டார். முகம் கொஞ்சம் சிவந்தது.

“இவதான் இந்தச் சுவரை அடிச்சவ.”

அவ்வளவுதான் சொன்னார். தேர்யேயின் தங்கத்தில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை. ஆனாலும் சொன்னார், எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

கட்டட வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இந்த நாட்டில் யா சொல்ல எல்லோரும் உங்களுக்குப் பழக்குவார்கள். நெய்யை நீங்களாகத்தான் பழகவேண்டும். உங்களுக்காக இன்னொருவர் அதைச் சொல்லட்டும் என்று நிற்காதீர்கள். அந்த இன்னொருவர் நான்தான்; எனக்கு அலுத்துவிட்டது.

மைத்துனரின் கையிலிருந்து சுத்தியலை வாங்கினேன். வாசல் நிலைக்கு மேலிருந்த மூடுபலகையில், தனி மரத்தில், ஆணியை வைத்து அடித்தேன். தோரணம் தொங்கியது. அண்ணை பட்டு வேட்டியோடு பனியில் குந்தி, சுவரின் அடியில் பலகைக்குப் பின்னால் கையை நீட்டினார்.

“காத்து ஏறுது, தங்கச்சி,” என்றார். “இப்ப சரிதானே?”

“ஓம்,” என்றேன்.

ஒரே ஒரு தரம்.